உறங்க மறுப்பது யார்?

சஸ்பெண்ட் கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து உடனே வெளிச்சம் வந்துவிடுகிறது என்பார் ஒருவர். திரை அணைந்துவிட்டது, ஆனால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது என்பார் இன்னொருவர். மூன்றாமவருடைய கணினி ஒழுங்காகத் தூங்கும், எழுந்திருக்காது. மூவரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: சஸ்பெண்ட் வேலை செய்யவில்லை. பழுது பார்க்க உட்காருபவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டால் அன்றைய பொழுது வீண். முதல் கணினி தூங்கவே ஒப்பவில்லையா, அல்லது தூங்கியதை ஏதோ ஒன்று எழுப்பிவிட்டதா என்பதே இன்னும் தெரியாது. இரண்டாவது பாதி வழியில் நிற்கிறது. மூன்றாவதில் சிக்கல் தூங்கப் போகும்போது நேர்ந்ததே அல்ல. லினக்ஸ் ஓடும் ஒர்க்ஸ்டேஷன்களில் இந்தப் பழுதைத் தேடுவது பற்றி என் கருத்து இது: பெரும்பாலான வேளைகளில் எந்தப் பாகமும் கெட்டுப்போயிருப்பதில்லை, யாரோ ஒருவர் மறுப்புச் சொல்லியிருக்கிறார். மறுத்தவர் யார், அந்த மறுப்பு நியாயமானதுதானா என்று விசாரிப்பதே இங்கே பழுதுபார்ப்பு.

உறக்கம் என்பது பயனர் பார்வையில் ஒரு பொத்தான். உள்ளே நடப்பது ஒரு நீண்ட வரிசை. முதலில் சிஸ்டம்டியின் லாகின் மேலாளர் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பார்க்கிறது. பிறகு கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களையும் உறைய வைக்கிறது. அடுத்து ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, உன் சாதனத்தை அடக்கு என்கிறது. அதன் பின் ஒரு ப்ராசஸர் கோர் மட்டும் மிஞ்ச மற்றவை அணைக்கப்படும். கடைசியில் பொறுப்பு மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குப் போகும். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் மிஞ்சும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையில் இந்தக் கடைசி நிலைக்கு எஸ்3 என்று பெயர். கல்யாண மண்டபத்தைப் பூட்டப் போகும் மேனேஜரின் நிலைதான் கெர்னலுக்கும்: பந்தியில் ஒரே ஒரு பெரியவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூடப் பூட்ட முடியாது, ஏற்கெனவே அணைத்த விளக்குகளையும் திரும்பப் போட்டாக வேண்டும். லாக்கில் மைனஸ் 16 என்ற எண் வந்தால், யாரோ வேலையாக இருக்கிறார் என்று பொருள். இது தற்செயலாக அமைந்ததல்ல. தூங்கப் போகும் அந்தக் கணத்திலேயே எழுப்பும் சைகை ஒன்று வந்தால் அது காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காக 2010இல், 2.6.36 கெர்னலில், அதற்கென்றே ஓர் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பாதியில் கைவிடும் உரிமை வடிவமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே முதல் கேள்வி, வரிசையில் எந்த இடத்தில் நின்றது என்பதுதான். எந்தப் பொருளால் நின்றது என்பது அதற்கு அடுத்தது. ஆரம்பக் கட்டத்து ஆட்சேபங்கள் எளிதில் அகப்படும். எந்த நிரல் தடை போட்டிருக்கிறது என்பதை சிஸ்டம்டியின் இன்ஹிபிட் பட்டியல் பெயரோடும் காரணத்தோடும் சொல்லிவிடும். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் ரெக்வெஸ்ட்ஸ் பட்டியல் இதே வேலையைச் செய்கிறது. அந்தப் பட்டியலில் பேக்கப் நிரலோ அப்டேட்டோ நின்றால் அது செய்தது சரி, காத்திருப்பதே மருந்து. உறைய வைக்கும் கட்டம் இன்னும் சுவையானது. கெர்னல் இதற்கு 20 நொடி அவகாசம் தருகிறது. அதற்குள் உறையாத நிரலின் பெயரை லாக்கில் எழுதிவிட்டு முயற்சியைக் கைவிடுகிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் அந்த நிரலைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் அது அப்பாவி. என்எஃப்எஸ் வழியாக ஏற்றிய ஒரு ஃபோல்டரைத் திறந்து, பதில் தராத சர்வருக்காகக் குறுக்கிட முடியாத நிலையில் அது காத்துக்கொண்டிருக்கும். எஸ்எஸ்எச்எஃப்எஸ் போன்ற ஃபியூஸ் கோப்பமைப்புகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. கோப்புகளைத் தரவேண்டிய பின்னணி நிரல் முதலில் உறைந்துவிட்டால், அதனிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நிரலுக்குப் பதிலே வராது. பதில் வராததால் அதுவும் உறையாது. குற்றம் இரண்டில் எதன் மேலும் இல்லை, உறைந்த வரிசையில் இருக்கிறது. ஒருமுறை தூங்கி ஒருமுறை தூங்காத கணினிகளைக் கண்டால் முதலில் நெட்வொர்க் ஃபோல்டர்களைத்தான் நான் சந்தேகிப்பேன்.

டிரைவர்கள் பக்கம் போனால் ஊகத்துக்கு இடம் தரக் கூடாது. கெர்னலிலேயே இதற்கு நல்ல கருவி இருக்கிறது: பிஎம் டெஸ்ட். அதில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசஸர்ஸ், கோர் என்று ஐந்து நிலைகள். எந்த நிலையை எழுதிவிட்டு சஸ்பெண்ட் கொடுக்கிறோமோ அதுவரை மட்டும் போய், 5 நொடி நின்று, திரும்பிவிடும். டிவைசஸ் நிலை வரை ஒழுங்காகப் போய்வந்து பிளாட்ஃபார்ம் நிலையில் சறுக்கினால் சந்தேகம் ஃபர்ம்வேர் பக்கம் திரும்புகிறது. டிவைசஸ் நிலையிலேயே சறுக்கினால் ஏதோ ஒரு டிரைவர். அப்போது சஸ்பெண்ட் ஸ்டாட்ஸ் என்ற பதிவைத் திறந்தால் கடைசியாகத் தோற்ற சாதனத்தின் பெயர் அங்கே இருக்கும். அந்தப் பெயர் இருந்தும் குழப்பமாக இருந்தால், அந்த ஒரு டிரைவரின் மாட்யூலை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பச் செய்து பார்க்கலாம். இத்தனைக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் இது எதையும் சரிசெய்வதில்லை, இடத்தை மட்டுமே காட்டுகிறது.

ஒர்க்ஸ்டேஷனில் அதிகமாக மறுப்பது கிராபிக்ஸ் கார்டு. அந்த மறுப்புக்குக் காரணமும் வலுவானது. எஸ்3 நிலையில் கார்டின் சொந்த நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடும். அதில் இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்தாக வேண்டும். 24 ஜிபி நினைவகமுள்ள கார்டில் ஒரு பெரிய மாதிரியையோ ரெண்டர் காட்சியையோ ஏற்றி வைத்திருந்தால் அத்தனைக்கும் இடம் வேண்டும். என்விடியா டிரைவரில் நினைவகம் முழுவதையும் காப்பாற்றும் விருப்பத்தை இயக்கினால், இயல்பாக அது டெம்ப் ஃபோல்டரில் எழுதும். பல வினியோகங்களில் டெம்ப் என்பது ராமிலேயே இருக்கிறது. ராமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் எழுத இடம் ஏது? உறக்கம் தோற்கிறது. அந்த ஃபோல்டரை வட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. விருப்பத்தை அணைத்தாலும் கணினி தூங்கும்தான். ஆனால் எழுந்த பிறகு ஓடிக்கொண்டிருந்த கணக்கீடு செத்துக் கிடக்கலாம், திரையில் எழுத்துக்கள் சிதைந்து தெரியலாம். மறுத்த குரலை அடைத்துவிட்டு அதைத் தீர்வு என்று சொல்வது இங்கே அப்பட்டமாகத் தவறாகிறது.

உடனே விழித்துக்கொள்ளும் கணினி வேறு வகை. அதில் தூங்குவதற்கு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்; எழுப்பும் உரிமை வேண்டாத ஒருவரிடம் இருக்கிறது. வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், நெட்வொர்க் கார்டு, சில ஏஎம்டி மதர்போர்டுகளில் ஜிபிபி0 என்ற பிசிஐ பிரிட்ஜ் ஆகியவை வழக்கமான ஆசாமிகள். ஏசிபிஐ வேக்அப் பட்டியலில் அதன் பெயரை எழுதினால் உரிமை பறிபோகும். ஆனால் அது மாற்றுவிசை: மறுபடி எழுதினால் உரிமை திரும்பி வந்துவிடும். இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே பெயரை எழுதி ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டால் அதைக் கண்டுபிடிப்பது ஒரு தனித் தலைவலி. எல்லாவற்றின் உரிமையையும் ஒரேயடியாகப் பறிப்பது சுலபமாயிற்றே என்பார்கள். செய்யலாம். அப்புறம் கீபோர்டைத் தட்டினாலும் கணினி எழாது; இயந்திரம் செத்துவிட்டது என்று அடுத்த புகார் வரும்.

இத்தனை விசாரணை எதற்கு, பயாஸைப் புதுப்பித்து, புதிய கெர்னல் போட்டு, எங்கோ படித்த இரண்டு பூட் அளவுருக்களைச் சேர்த்தால் பாதி கணினிகள் சரியாகிவிடுகின்றனவே என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான், சரியாகின்றன. நான் மறுப்பது புதுப்பித்தலை அல்ல, மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதை. மூன்றில் எது காரணம் என்று தெரியாததால் அடுத்த கெர்னலில் பழுது திரும்பும்போது நாம் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். தேவையற்றுப் போன அளவுருவோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து வேறொன்றைக் கெடுக்கும். தவிர, ஒருமுறை தூங்கி எழுந்ததைச் சரியானதாகக் கொள்ள முடியாது. ஆர்டிசி வேக் கட்டளையைக் கொண்டு 30 நொடி தூங்கி எழும் சுழற்சியை இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகே சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அணைத்துவிட்டுப் போனால் என்ன, எஸ்எஸ்டியில் நிமிடத்துக்குள் பூட் ஆகிறதே என்பது இன்னொரு ஆட்சேபம். பூட் ஆவது இயங்குதளம். திறந்திருந்த பத்து ஜன்னல்களும் பாதியில் நின்ற டீபக் அமர்வும் பூட் ஆவதில்லை. அதனால்தான் ஒர்க்ஸ்டேஷன்காரர்கள் அணைப்பதில்லை, தூங்காவிட்டால் அப்படியே ஓடவிட்டுப் போகிறார்கள். சும்மா இருக்கும்போது 80 வாட் இழுக்கும் இயந்திரம் இரவில் 14 மணி நேரம் ஓடினால் 1.12 யூனிட், ஆண்டுக்கு 400 யூனிட்டைத் தாண்டும். எஸ்3 நிலையில் செலவு சில வாட்தான். எஸ்3க்குப் பதிலாக எஸ்2ஐடில் என்ற மென்பொருள் உறக்கத்துக்கு மாற்றிவிடலாமே என்றும் சொல்வதுண்டு. அதற்கென்றே வடிவமைத்த மடிக்கணினியில் அது சரி. மேசைக் கணினியில் பவர் சப்ளையின் முக்கிய மின்தடங்கள் நிற்பதில்லை, விசிறிகளும் பெரும்பாலும் ஓடும். திரை கறுத்திருப்பதைப் பார்த்து மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

மறுப்பு என்ற கணக்குக்குள் அடங்காத பழுதும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். எழும்போது உறைந்துபோகும் கணினி யாரிடமும் எதையும் மறுக்கவில்லை, சொல்ல வாயில்லாமல் நிற்கிறது. லாக்கை வட்டில் எழுதவும் வழியில்லை. அதற்கு பிஎம் ட்ரேஸ் என்ற தந்திரம்: கெர்னல் தான் கடைசியாகத் தொட்ட இடத்தின் குறியீட்டைக் கடிகாரச் சில்லில் எழுதி வைக்கும், மறுதொடக்கத்துக்குப் பின் அதைப் படிக்கலாம். கணினியின் தேதி கெட்டுப்போகும், திருத்திக்கொள்ள வேண்டும். இங்கும் கேள்வி, எந்த இடம் என்பதே. அது தெரிந்த பிறகு டிரைவர் எழுதியவருக்கு அனுப்பும் புகாரில் சாதனத்தின் பெயர், தோற்ற நிலை, வேலை செய்த கடைசி கெர்னல், செய்யாத முதல் கெர்னல் நான்கையும் எழுதுங்கள். அவர்கள் திருத்துவதற்கு வேண்டியது அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கோப்பைப் பார்த்துவிடுவது நல்லது: கெர்னலின் மெம் ஸ்லீப். அதில் டீப் என்ற வார்த்தையே இல்லையென்றால் ஃபர்ம்வேர் எஸ்3ஐ வழங்கவில்லை என்று பொருள். பயாஸில் அதற்கான அமைப்பு இருந்தால் மாற்றலாம். சர்வர் வழி வந்த சில ஒர்க்ஸ்டேஷன் போர்டுகளில் அந்த அமைப்பும் கிடையாது. அந்தக் கணினியை இரவில் ஹைபர்நேட் செய்யுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.