ஆறு மணி நேரத் தூரம்



சென்னையிலிருந்து ஜித்தா நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் 6 மணி நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பிந்தியது; ஆதலால் இங்கே காலை 10 மணிக்குப் புறப்படுபவர், அங்கே பிற்பகல் ஒன்றரைக்கே இறங்கிவிடுவார். 1995 வரை மும்பையிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் நாட்கணக்கில் கடலில் மிதந்ததை எண்ணினால், இது எத்துணை பெரிய அருட்கொடை!

என் தம்பி ஜித்தாவில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு, அம்பத்தூரில் எங்கள் தந்தையார் சுபுஹுக்குப் பின் வபாத்தானார்கள். கணக்கின்படி தம்பி அஸருக்குள் வந்திருக்கலாம். ஆனால் விடுப்பு, அனுமதி, பயணச்சீட்டு ஆகியவற்றுக்கான நேரத்தை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது என்பதால் அஸருக்குப் பின் நல்லடக்கம் செய்தோம். மறுநாள் இரவுதான் அவன் வந்து சேர்ந்தான்.

அவன் எவரையும் குறை கூறவில்லை. "அண்ணே, நீங்க அத்தாகிட்ட கடைசியா என்ன பேசினீங்க?" என்று மட்டும் கேட்டான்.

நான் தலைகுனிந்தேன். நான் வசிப்பது பூவிருந்தவல்லியில். அங்கிருந்து அம்பத்தூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். தந்தையாரைச் சென்று பார்த்து இரண்டு மாதங்களாகியிருந்தன. ஓதிக்கொடுக்கும் வேலை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வாரந்தோறும் ஜும்ஆவுக்குப் பின் தாயாரிடம் செல்கிறேன். தம்பி ஜும்ஆ தொழும் நேரத்தைக் கணக்கிட்டு, அவனுக்காகத் துஆச் செய்தபடி அமர்ந்திருப்பார்கள்.

சகோதரர்களே! உங்கள் பெற்றோரின் வாசல் எத்தனை மணி நேரத் தூரம்? இன்றே கணக்கிட்டுப் பாருங்கள்.