180 கோடி வயதுப் பாறை... நேற்று எழுந்த மலை!

பாகிஸ்தான் நிர்வாகத்தில் உள்ள கில்கிட் பகுதிக்குப் போகும் காரகோரம் நெடுஞ்சாலையில், ராய்கோட் பாலம் ஒரு முக்கியமான நிறுத்தம். கீழே கலங்கலாக ஓடுகிறது சிந்து நதி. அங்கிருந்து ஜீப்பில் தாதோ கிராமம் பக்கம் ஏறி, பிறகு நடந்தால் ஃபேரி மெடோஸ் புல்வெளி. எதிரே வெள்ளைச் சுவர் போல நிற்கிறது நங்க பர்வதம். உயரம் 8,126 மீட்டர். உலகின் ஒன்பதாவது பெரிய சிகரம்.

நதியிலிருந்து சிகரம் வரை கிட்டத்தட்ட 7,000 மீட்டர் ஏற்றம். அதுவும் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்குள்!

இந்த மலைக்கு என்ன வயது? இங்குள்ள பாறைகளில் பெரும்பகுதி சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. ஆனால், மலையின் வயது அதுவல்ல. அதைத் தெரிந்துகொள்ள, பாறை எப்போது ஆறியது என்று பார்க்க வேண்டும்.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு அதிகம். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி கூடும். ஆழத்தில் இருக்கும் பாறை மேலே வரும்போது மெல்ல ஆறுகிறது. பாறைக்குள் இருக்கும் அபடைட் என்ற தாதுவில் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அதன் அணுக்கள் தாமாகப் பிளக்கும்போது, தாதுவில் நுண்ணிய கீறல் விழும். சுமார் 110 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால், காயம் ஆறுவதுபோல அந்தக் கீறல் மறைந்துவிடும். பாறை அதற்குக் கீழே குளிர்ந்த பிறகுதான் கீறல்கள் தங்கும். மைக்ராஸ்கோப்பில் அவற்றை எண்ணி, யுரேனியத்தின் அளவோடு ஒப்பிட்டால், பாறை ஆறி எத்தனை காலம் ஆகிறது என்று தெரிந்துவிடும். சிர்கான், மைக்கா போன்ற தாதுக்கள் இன்னும் அதிக வெப்பத்திலேயே கணக்கைத் தொடங்குகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால், பாறை மேலே வந்த வேகமே கிடைக்கும்.

அமெரிக்கப் புவியியலாளர் பீட்டர் ஸைட்லர் இந்தப் பகுதிப் பாறைகள் ஆறிய வரலாற்றை ஆராய்ந்து, 1985-ல் வெளியிட்டார். நங்க பர்வதத்தில் கிடைத்த அபடைட் வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவு! மேற்கே தள்ளிப்போனால், கோஹிஸ்தானில் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறிய பாறைகள் உண்டு. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கில், நங்க பர்வதத்தின் இந்த எழுச்சி நேற்று நடந்தது.

ஏன் இங்கே மட்டும் இந்த வேகம்? சிந்து நதி பாறையை அரித்துச் சுமையைக் குறைக்க, அடியில் இருக்கும் சூடான, இளகிய பாறை மேலே எழுகிறது என்பது புவியியலாளர்கள் சிலர் தரும் விளக்கம். வேகமாக வந்ததால் பாறையின் சூடு முழுக்கத் தணியவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் தத்தா பானி என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. பெயரின் பொருளே 'சூடான தண்ணீர்'தான்.

இவ்வளவு வேகமாக உயரும் மலையின் சரிவுகள் செங்குத்தாக இருக்கும், எளிதில் சரியும். சுமார் 180 ஆண்டுகளுக்கு முன், நிலநடுக்கத்தில் இந்த மலையின் ஒரு பகுதி சரிந்து சிந்து நதியை அடைத்தது. பெரிய ஏரியே உருவானது. 1841 ஜூனில் அந்த அணை உடைந்தது. பல நூறு கிலோமீட்டர் கீழே, அட்டோக் அருகே முகாமிட்டிருந்த சீக்கியப் படையை வெள்ளம் அடித்துச் சென்றது.

இன்றும் தத்தா பானி பகுதியில் மண் சரிந்தால் நெடுஞ்சாலை மூடப்படும். பாதையைச் சீர்செய்யும் வரை, இரு பக்கமும் வண்டிகள் வரிசையில் காத்து நிற்கும்.