வாப்பாவின் மாத்திரை



மதரஸாவில் பாடம் நடத்துபவனிடம் ஊரார் பலவற்றையும் கேட்பார்கள். தலாக், பாகப் பிரிவினை, வங்கிக் கடன், தவறிய தொழுகை என்று வரும் கேள்விகளுக்குக் கிதாபைப் பார்த்தோ, உஸ்தாதைக் கேட்டோ பதில் சொல்லி வருகிறேன். கிதாபையும் பாராமல், எவரையும் கேளாமல், வாசற்படியில் நின்றபடியே நான் சொன்ன ஒரு பதிலைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு சகோதரருக்கு வாயில் புற்றுநோய். அவருடைய மனைவி தம் மகனை அனுப்பிக் கேட்டார்: "டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அபினிலிருந்து எடுக்கிற மருந்தாம். கொடுக்கலாமா ஹஜ்ரத்?" நான் சொன்னேன்: "போதை தருவது ஹராம். நோயாளி படும் வேதனைக்குப் பாவங்கள் உதிர்கின்றன. ஸப்ரு செய்யச் சொல்லுங்கள்." சொன்ன இரண்டும் தனித்தனியே உண்மைதான். அந்தக் கேள்விக்கு அவை பதில் அல்ல. அதன்பின் ஏழு வாரங்கள் அவர் உயிரோடு இருந்தார். இஷாவுக்குப் பின் தெரு அடங்கியதும் அவருடைய முனகல் எங்கள் திண்ணை வரை கேட்கும். நான் துஆ செய்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

சென்ற ஆண்டு என் வாப்பாவுக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருப்பது தெரியவந்தது. எலும்பில் இறங்கிய வலியைக் கண்டவர்களுக்குத்தான் அது புரியும். படுத்தாலும் வலி, புரண்டாலும் வலி. போர்வையைச் சரிசெய்ய நான் கட்டிலில் கை ஊன்றினால்கூடப் பல்லைக் கடிப்பார். பாராசிட்டமாலும் டிரமடாலும் பயன் தரவில்லை. ஓர் இரவு நாற்காலியில் அமர்ந்து இஷா தொழுதவர், ஸலாம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "எத்தனை ரக்அத் தொழுதேன்னே தெரியலையே தம்பி" என்றார். ஐம்பது ஆண்டுகளாக ஜமாஅத் தவறாதவர் அவர். அன்று அழுதது வாப்பா அல்ல, நான்.

மதுரையில் வலித்தணிப்புச் சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவர் மார்ஃபின் தொடங்கலாம் என்றார். வாப்பா மறுத்துவிட்டார். "அபினைத் தின்னுட்டா மௌத்தாகணும்? ஸக்ராத்துல கலிமா சொல்ல நாக்கு எழும்பாமப் போயிட்டா, அப்ப என்ன செய்வே?" என்று கேட்டார். நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக்குச் சொன்ன சொல், என் வாப்பாவின் வாய்வழியாக எனக்கே திரும்பி வந்தது.

என் உஸ்தாதுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. தொலைபேசியில் முழுவதையும் கேட்டுவிட்டு, "மருந்தைப் பற்றி மருத்துவரிடம் விவரமாகக் கேட்டீரா?" என்றார். இல்லை என்றேன். "அழுகிப்போன கையைத் துண்டிக்கும்போது அறிவை மங்கச் செய்யும் மருந்தைக் கொடுக்கலாமா என்ற மஸ்அலாவை எத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறீர்?" என்றார். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அது கூடும் என்பதே வலுவான சொல். பதினைந்து ஆண்டுகளாக அதை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறேன். அந்தக் கையை ஒரு மனிதரின் கையாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. "அய்யூப் நபி அலைஹிஸ்ஸலாம் தம் துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்களே, அதனால் அவர்களின் ஸப்ரு குறைந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு உஸ்தாத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

மறுபடி மருத்துவரிடம் சென்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்ட 1986 முதலே, கடும் வலிக்கு உரிய மருந்தாக மார்ஃபின் அதில் இருக்கிறது. 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே அஞ்சின; 2014 இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆயினும் எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் இன்றும் கிடைப்பதில்லை. மாதந்தோறும் மதுரை சென்று, பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கி வருகிறேன்.

முதலில் நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பத்து மில்லிகிராம். சில நாளில் வலி கட்டுக்குள் வந்தது. ஒரு நாளைக்குத் தேவைப்பட்ட மொத்தம் 60 மில்லிகிராம். அதை மெதுவாகக் கரையும் மாத்திரையாக மாற்றி, காலையில் 30, மாலையில் 30 என்று எழுதித் தந்தார். இந்த மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுக மருந்தை விடும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது; பொடித்தால் அத்தனை மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கி மூச்சையே அடக்கிவிடலாம். லாத்தா ஒரு நாள் விழுங்க எளிதாக இருக்கட்டும் என்று அதைக் கரண்டியால் நசுக்கிக் கஞ்சியில் கலக்கப் போனார். நல்லவேளையாக நான் பார்த்தேன். அன்றிலிருந்து மாத்திரைகள் அலமாரியில் பூட்டித்தான் இருக்கின்றன. வீட்டில் சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

முதல் மூன்று நான்கு நாள்கள் வாப்பா அதிகம் உறங்கினார், குமட்டல் இருந்தது. நான் பயந்தேன். பின் இரண்டும் தெளிந்தன. மலச்சிக்கல் மட்டும் விடவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன்: மார்ஃபினோடு மலமிளக்கியையும் நாள்தோறும் கொடுத்தே ஆக வேண்டும், இதைப் பலர் விட்டுவிட்டு மருந்தின் மேல் பழி போடுகிறார்கள்.

ஐந்தாம் நாள் மஃரிபுக்கு வாப்பா தாமே ஒளூச் செய்தார். மூன்று ரக்அத்தும் எண்ணிக்கை தவறாமல் தொழுதார். முடித்ததும், "வலிதான் தம்பி என் புத்தியை மூடி வச்சிருந்துச்சு" என்றார்.

ரமலான் வந்தது. ஸஹரில் ஒன்று, இஃப்தாரில் ஒன்று போட்டு நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். நம் பக்கத்தில் நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. முதல் நாள் அஸருக்குப் பின் வலி ஏறி, பாங்கு சொல்லும்போது வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். மறுநாளே உஸ்தாத் வீட்டுக்கு வந்து, நோன்பை விட்டு ஃபித்யா கொடுக்கச் சொன்னார்கள். நான் சொன்னால் கேட்காதவர், அவர்கள் சொன்னதற்குத் தலையசைத்தார்.

இப்போது அளவு காலை 60, மாலை 60 ஆகியிருக்கிறது. அடிமையாகிவிட்டாரோ என்று உறவினர் ஒருவர் கேட்டார். நோய் வளர்கிறது, உடலும் மருந்துக்குப் பழகுகிறது, அதற்கேற்ப அளவு கூடுகிறது, அது அடிமைத்தனம் ஆகாது என்று மருத்துவர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். வாப்பாவின் கலிமா அச்சத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்த நேரம் எப்படி அமையும் என்பதை அல்லாஹ்வே அறிவான். நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் தெளிவான குரலில் நூறு முறை சொல்கிறார். நான் பக்கத்தில் அமர்ந்து கேட்கிறேன்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். திரைக்கு அப்பால் அவருடைய மனைவி அமர்ந்தார். அன்று மருத்துவரையும் கேளாமல், கிதாபையும் பாராமல் தவறாகச் சொல்லிவிட்டேன், என்னை மஆஃப் செய்யுங்கள் என்றேன். நெடுநேரம் பேச்சில்லை. பின்பு, "அந்த மருந்துச் சீட்டை நான் கிழிச்சுப் போட்டுட்டேன் ஹஜ்ரத். நீங்க சொன்னீங்கன்னு நானும் திருப்பிக் கேக்கல" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, "வாப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.