ஒழுகிய தாங்கி

சமூகப் பணிக்கு வந்த நாளிலிருந்து நான் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றில் நான் எழுதிய ஒரு குறிப்பை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். "பாவனைக்கு உதவாதது" என்பதே அது.

2022 செப்ரெம்பர் மாதம். யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையோரக் கிராமம் ஒன்றில், போரில் கணவரை இழந்த ஓர் அக்காவின் வீட்டிற்குப் போயிருந்தேன். மகனுடன் நண்டு வலைக்குப் போய்ச் சீவிப்பவர். முற்றத்து வேம்பின் கீழே மாமனார் காலத்து வெளியிணைப்பு இயந்திரம் ஒரு மரச்சட்டத்தில் மாட்டப்பட்டிருந்தது. அதன் தலையிலிருந்த தகரத் தாங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சிரட்டை.

"ஒருக்கா தொழிலுக்குப் போய்வர கால் லீற்றராவது வீணாய்ப் போகுது, பிள்ளை" என்றார்.

அதற்கு முந்திய மாதந்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்திருந்தது. கால் லீற்றர் என்றால் 85 ரூபா. முன்பு ஏறக்குறைய ஒரு லீற்றர் வாங்கிய காசு நாளாந்தம் சொட்டுச் சொட்டாகப் போனது.

"பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கோ அக்கா. ஆடு வளர்ப்புக்கு எழுதிவிடுகிறேன்" என்று நான் சொன்னேன்.

"எனக்குக் கடல்தான் தெரியும். ஓட்டை தாங்கியிலைதானே, மிசினிலை இல்லையே?"

படிவத்தை மடித்து வைத்தேன்.

மகன் தாங்கியைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு, ஒட்டுக்கடைக்குக் கொண்டுபோகப் புறப்பட்டான். "இப்ப வெறுந் தாங்கிதானே, அம்மா" என்றான். அக்கா படலையை மறித்து நின்றுவிட்டார். "வெறுந் தாங்கிதான் பொல்லாதது!"

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. எண்ணெயை வடித்த பின்பும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். அது காற்றோடு கலந்திருக்கையில் ஒரு தீப்பொறி பட்டாலே தாங்கி வெடிக்கும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. தோணியின் அடியிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். ஆகவே ஒழுகும் தாங்கிக்குப் பக்கத்தில் அடுப்போ, விளக்கோ, சுருட்டோ கூடாது.

ஊரில் வாளி, விளக்குகளுக்கு ஒட்டுப் போடும் தகர வேலைக்கார ஐயா வந்தார். சவர்க்காரத் தூளும் சுடுநீரும் விட்டு மூன்று முறை கழுவச் சொன்னார். பின் சிறு கற்களும் தண்ணீரும் போட்டுக் குலுக்க, துரு தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. வெளிப்புறத்தைத் துடைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது, அடிப்பொருத்தில் ஊசித்துளை போல இரண்டு இடங்களில் நீர் கசிந்தது. எண்ணெயோடு சேரும் தண்ணீர் பாரத்தால் அடியில் தங்கும். அந்த இடந்தான் உள்ளேயிருந்து முதலில் துருப்பிடிக்கும்.

அந்த இடத்தை அரத்தாள் கொண்டு மினுங்கும்வரை தேய்த்தார். துளைகள் மேலே வரும்படி தாங்கியைச் சரித்து, அவற்றுக்கு இரு விரற்கடை கீழ்வரை தண்ணீர் விட்டார். ஆவிக்கு இடமில்லாமற் செய்யவே அது. சூடாகும் காற்று வெளியேற எரிபொருட் குழாயின் வாயைத் திறந்தே வைத்தார். செப்புக்கோலைத் தூரத்துக் கரியடுப்பில் சுடவைத்துக் கொண்டுவந்து ஈயப் பற்றாசு வைத்தார். நெருப்பு தாங்கியை அணுகவேயில்லை. ஒரு இரவு முழுவதும் தண்ணீர் நிரப்பிச் சோதித்து, மறுநாள் வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே எண்ணெய் விட்டார்கள். கூலியாக ஐயா நண்டு வாங்கிக்கொண்டார்.

கடலில் திடீரென ஒழுகினால் கட்டிச் சவர்க்காரத்தைத் துளையில் அழுத்தித் தேய்ப்பாராம் அக்கா. சவர்க்காரம் தண்ணீரில் கரைவதுபோல் எண்ணெயில் கரையாது. கரை சேரும்வரைக்கும் அது போதும், நிரந்தர மருந்தல்ல.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது "வாழ்வாதாரச் சொத்து" பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் வேம்பின் கீழ் நின்ற சொத்தை என் கண் காணவில்லை. அதன் துருவைத்தான் கண்டது. அடுத்த முறை போனபோது, அக்காவின் முன்னிலையிலேயே அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு "திருத்திப் பாவிக்கிறார்" என்று எழுதினேன். கேட்ட உதவியையும் மாற்றினேன். ஆட்டுக்குப் பதிலாக நண்டு வலை.

சகோதரிகளே, படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வருகிற எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பொருளில் எது உதவும், எது உதவாது என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு நாங்கள் எழுதுகிறோம்.