நாக்கும் பேனாவும்

என்னிடம் நல்லபிப்பிராயம் வைத்திருக்கும் வாசகர்களில் சிலர் இந்தக் கட்டுரையைப் படித்து முகம் சுளிக்கக்கூடும். விஸ்கியைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் கேட்டறிந்ததை அல்ல, குடித்தறிந்ததை. கேட்டறிந்ததை ஏற்கனவே ஒரு முறை எழுதித் தொலைத்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் தேடத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர். இரவு நேரத்தில் மொட்டை மாடியில் தனியே உட்கார்ந்து, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஐலா என்ற தீவில் வடித்த லப்ராய்க் என்னும் விஸ்கியை அருந்துவார். அவர் அதை ரசிக்கும் விதத்தை அரைப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். கடல் என்றேன், புகை என்றேன், பனி மூட்டத்துக்கு நடுவே எரிகிற கணப்பு என்றேன். அந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த அரைப் பக்கத்தைப் பற்றியவை. "எவ்வளவு அநுபவித்து எழுதியிருக்கிறீர்கள்!" என்று திருச்சியிலிருந்து ஓர் அம்மாள் வியந்திருந்தார்.

அநுபவமாவது! அந்த விஸ்கியின் புட்டியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. நாலு புத்தகங்களைப் புரட்டி, அவற்றில் கிடந்த விசேஷணங்களைப் பொறுக்கி எடுத்து, என் தமிழில் தோய்த்து வைத்தேன். அவ்வளவுதான். 'கொலையைப் பற்றி எழுதுகிறவன் கொலை செய்துவிட்டா எழுதுகிறான்?' என்று என்னை நானே சமாதானப்படுத்திக் கொண்டேன். கதாசிரியர்களுக்கு இந்தச் சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

போன வருஷம் ஸ்காட்லாந்துக்குப் போகும்படி நேர்ந்தது. கிளாஸ்கோ நகரத்தில் என் பால்ய சிநேகிதன் டாக்டராக இருக்கிறான். கும்பகோணத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் படித்துப் படித்துக் கல்லீரல் வைத்தியத்தில் நிபுணனாகிவிட்டான். நான் படிப்பைப் பாதியில் விட்டு எழுத்தாளனாகிவிட்டேன். ஆனால் அவன் வீட்டு அலமாரியில் என் நாவல்கள் எல்லாம் இருந்தன. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஏண்டா, உன் ஜட்ஜ் மாடியிலே உட்கார்ந்து குடிப்பாரே, அது உனக்கு ரொம்பப் பழக்கமோ?" என்று வந்த அன்று மாலையே ஆரம்பித்தான்.

"பழக்கம் என்ன, தெரியும்" என்றேன்.

"அப்படியானால் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம்" என்றான் அவன்.

அவன் மனைவி சமையலறைக்குள் போய் மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் மூன்று விதமான விஸ்கியைக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, ஒவ்வொன்றின் கீழும் 1, 2, 3 என்று எழுதிய சீட்டை வைத்துக் கொண்டுவந்தாள். புட்டிகள் உள்ளேயே இருந்தன. எது எதுவென்று அவனுக்கும் தெரியாது. "பாஸ் பண்ணிடுவீங்களா, அண்ணா?" என்று சிரித்துக்கொண்டே அவளும் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

விவரம் அறியாத வாசகர்களுக்காக இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடைகளில் விற்கும் ஸ்காட்ச் விஸ்கியில் பெரும் பகுதி பல ஆலைகளின் சரக்கைச் சேர்த்துக் கலந்தது. சிங்கிள் மால்ட் என்பது அப்படியல்ல. ஒரே ஆலையில், முளை கட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புப் பானைகளில் வடித்தது. வடித்தவுடன் அது தண்ணீர்போல் நிறமற்றுத்தான் இருக்கும். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் ஸ்காட்லாந்திலேயே கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்ற பெயர் சொல்லச் சட்டம் இடங்கொடுக்கிறது. நல்ல சரக்கு 10 வருஷம், 12 வருஷம் என்று கிடக்கும். கிடக்கிற ஒவ்வொரு வருஷமும் பீப்பாயிலிருந்து சுமார் 2 சதவிகிதம் ஆவியாகப் போய்விடுகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். நம் ஊரில் படையல் போட்டுவிட்டு நாமே சாப்பிட்டுவிடுகிறோம். அங்கே தேவதைகள் உண்மையாகவே எடுத்துக்கொண்டு போகிறார்கள்!

முதல் கிண்ணத்தை எடுத்தேன். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் இலேசான வாசனை. தொண்டையில் சண்டித்தனம் செய்யாமல் இறங்கிவிட்டது. நல்ல சுபாவம், ஆனால் போன பிறகு ஞாபகத்தில் நிற்காத விருந்தாளி.

இரண்டாவது கிண்ணத்தை முகர்ந்தபோதே முகம் மலர்ந்தது. பேரிக்காய் பழுத்து வீடெல்லாம் மணப்பதுபோல் ஒரு மணம். வாயில் விட்டால் தேனின் சாயல். விழுங்கிய பிறகும் அந்த இனிமை நாக்கின் ஓரத்தில் சற்று நேரம் தங்கியிருந்தது. "இதுதான் முதல்" என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கிண்ணம் மூக்கருகே வந்ததும் என் கை தானாகப் பின்வாங்கியது. உடம்பு ஒரு முறை குலுங்கிற்று. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"இது கெட்டுப் போயிருக்குடா" என்றேன்.

"என்ன வாசனை வருகிறது?"

"ஆஸ்பத்திரி வாடை. பினாயில் ஊற்றிக் கழுவிய வார்டு மாதிரி."

அவன் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் புட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். முதலாவது, கிளாஸ்கோ நகரின் எல்லையிலேயே மூன்று முறை வடித்து எடுக்கும் ஆக்கென்டோஷன். இரண்டாவது, வடக்கே ஸ்பே நதிப் பிரதேசத்தின் கிளென்லிவெட். மூன்றாவது, சாக்ஷாத் லப்ராய்க். என் நீதிபதியின் லப்ராய்க்!

சிநேகிதன் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் இரவு படுக்கையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தோற்றதற்காக அல்ல. அந்த வாடை மூக்கை விட்டுப் போகவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது என் தகப்பனார் சர்க்கரை வியாதியினால் காலில் புண் புரையோடி, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். மதுவை வாழ்நாளில் தொட்டறியாதவர். மதராஸ் மாகாணம் முழுவதும் 1948-ல் அமுலுக்கு வந்த மதுவிலக்கு 1971-ல் ஒத்திவைக்கப்பட்ட போது மனம் நொந்தவர்களில் அவர் ஒருவர். பதினேழு நாளும் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நான்தான் படுத்திருந்தேன். விடியற்காலையில் வார்டைப் பினாயில் போட்டுக் கழுவுவார்கள். அதற்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பேன். பதினெட்டாவது நாள் சுருட்டுவதற்குப் பாய் இருந்தது, அப்பா இல்லை.

இதுவரை பதினோரு நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். அந்த வார்டை மட்டும் நான் எழுதியதில்லை. அதைச் சுற்றிக்கொண்டே போய்விடுவேன்.

மறுநாள் காலையில் இதைச் சிநேகிதனிடம் சொன்னேன். அவன் அப்போது சிரிக்கவில்லை.

"உன் மூக்கு தப்பு சொல்லவில்லையடா. அதுதான் நிஜம்" என்றான். "பினாயிலிலே இருக்கிற சமாசாரமும் இந்த விஸ்கியிலே இருக்கிற சமாசாரமும் ஒரே குடும்பம். பீனால் என்று பெயர். கார்பாலிக் அமிலம் என்றாலும் அதுதான். 1865-ல் ஜோசப் லிஸ்டர் இதே கிளாஸ்கோவில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு, கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்த காயத்தில் அதைத் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்காமல் ஆறிவிட்டது. உலகம் பூராவும் ஆஸ்பத்திரிக்கு அந்த வாடை வந்தது அதற்குப் பிறகுதான்."

"விஸ்கிக்கு எப்படி வந்தது?"

"வா, காட்டுகிறேன்."

காரில் மூன்று மணி நேரம். கென்னக்ரேக் என்ற துறையிலிருந்து கப்பலில் இரண்டு மணிக்கு மேல். ஐலா தீவின் தென் கரையை நெருங்கும்போதே விஸ்கி ஆலைகளின் வெள்ளைச் சுவர்களும், அவற்றில் ஆள் உயரக் கறுப்பு எழுத்தில் எழுதிய பெயர்களும் கண்ணில் பட்டன. தீவில் மரங்கள் குறைவு. எங்கே பார்த்தாலும் கறுத்த சதுப்பு நிலம். பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கி அடைந்து கிடக்கும் அந்த மண்ணை 'பீட்' என்கிறார்கள். அது ஒரு வருஷத்தில் வளர்வது ஒரு மில்லிமீட்டர் அளவுதான். செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்தால் விறகுபோல் எரியும். மரம் இல்லாத ஊரில் அதுதான் அடுப்புக்கும் கணப்புக்கும் எரிபொருளாக இருந்தது.

லப்ராய்க் ஆலை 1815-ல் ஏற்பட்டது. வேண்டிய பார்லியில் ஒரு பகுதியை இன்றைக்கும் அங்கேயே ஊறவைத்து, சிமெண்டுத் தரையில் பரப்பி, ஆட்கள் புரட்டிப் புரட்டி முளைகட்ட வைக்கிறார்கள். முளைவிட்ட தானியத்தைச் சூளைக்கு மேலே பரப்பிக் கீழே பீட்டைப் புகைய விடுகிறார்கள். அந்தப் புகையிலுள்ள பீனால் தானியத்தில் ஒட்டிக்கொள்கிறது. பத்து லட்சம் பங்கு தானியத்தில் சுமார் 40 பங்கு! இவ்வளவு சொற்பமான பொருள், ஊறலிலும் நொதிப்பிலும் இரண்டு முறை வடித்தலிலும் பத்து வருஷப் பீப்பாய்வாசத்திலும் அழியாமல் பிழைத்து வந்து, ஒரு மனிதனைத் தஞ்சாவூர் வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இந்த ஆலைக்கு 1934-ல் பெஸ்ஸி வில்லியம்ஸன் என்ற பெண் கோடைக் காலத்துக்கு மட்டும் என்று டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தாள். திரும்பிப் போகவேயில்லை. முதலாளி 1954-ல் காலமானபோது ஆலை அவள் கைக்கு வந்தது. இதை நான் கதையாக எழுதினால் 'நம்பும்படியாக இல்லை' என்று கடிதம் எழுதுவீர்கள்!

திரும்பி வந்த இரவு, அந்த மூன்று கிண்ணங்களையும் மறுபடி கேட்டேன். சிநேகிதன் அளந்து ஊற்றினான். "கேலிக் பாஷையிலே இதற்கு 'உயிர்த் தண்ணீர்' என்று அர்த்தம். ஆனால் 2023-ல் மட்டும் இந்தச் சின்ன தேசத்திலே குடியால் செத்தவர்கள் 1,200-க்கு மேலே. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று மதுவுக்கு ஓர் அடிமட்ட விலையை 2018-லேயே சட்டம் போட்டு வைத்தும் அந்தக் கணக்கு. ருசி பார்ப்பவர்கள் உன்னிடம் வந்து பேசுவார்கள்; ருசி மரத்துப் போனவர்கள் என்னிடம் வருகிறார்கள்" என்றான். அந்த வாக்கியத்தை அவனுடைய அநுமதியோடு இங்கே எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து யாருக்காவது ஆசை பிறந்தால், இந்த வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது கிண்ணத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மெள்ளக் குடித்தேன். பினாயில் வாடை அப்படியேதான் இருந்தது. இந்தத் தடவை நான் அதைத் தள்ளி வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். அதன் பின்னால் புகை வந்தது. அதற்கும் பின்னால் உப்பு. எல்லாம் ஓய்ந்த பிறகு, எதிர்பாராத ஓர் இனிப்பு. கடைசி நாட்களில் ஒரு மாலை, என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு, "நீ சாப்பிட்டியாடா?" என்று அப்பா கேட்டது ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருஷங்களாக அந்த வார்டிலிருந்து நான் அதை மட்டுமாவது எடுத்து வந்திருக்கலாம்.

என் தீர்ப்பு மாறிவிட்டதென்று நினைக்காதீர்கள். கிளென்லிவெட்தான் முதல், ஆக்கென்டோஷன் இரண்டாவது, லப்ராய்க் மூன்றாவது. வயிறறிந்து பொய் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவதாக எதை வைக்கிறேன் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்ததும் அந்த நாவலின் புதிய பதிப்புக்கு அச்சுப்பிரதி திருத்த உட்கார்ந்தேன். கடலையும் பனிமூட்டத்தையும் கணப்பையும் அடித்துவிட்டேன். அரைப் பக்கம் நாலு வரியாகிவிட்டது. நீதிபதி கிண்ணத்தை முகர்கிறார். ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள் என்று கதையின் ஆரம்பத்திலேயே நான் எழுதியிருந்தேன். உலகத்தில் இத்தனை விஸ்கி இருக்க, அவர் ஏன் தினமும் அதையே குடித்தார் என்பது, அவரைப் படைத்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

திருச்சி அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்திருக்கிறேன்.