தமிழ் போட்டா லாகின் கெட்டுப்போகுமா?

மினி ப்ராஜெக்ட் செய்தவர்களில் லாகின் பேஜ் எழுதாதவங்க ரொம்பக் குறைவு. லைப்ரரி மேனேஜ்மென்ட், பஸ் பாஸ், ஹாஸ்டல் மேனேஜ்மென்ட் என்று எதை எடுத்தாலும் முதல் பக்கம் லாகின்தான். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நம்மைத் தூங்க விடாத பக்கமும் பெரும்பாலும் அதுதான். யூசர்நேம் சரி, பாஸ்வேர்டு சரி, பட்டனை அழுத்தினா மறுபடியும் அதே லாகின் பேஜ் வந்து நிற்கும். ஒரு எரர் மெசேஜ்கூட இருக்காது.

அந்த நேரத்தில் நாம என்ன செய்வோம்? கண்ணில் பட்டதை எல்லாம் மாத்துவோம். டேட்டாபேஸை அழிச்சு மறுபடி இம்போர்ட் பண்ணுவோம். சீனியரோட கோடை அப்படியே ஒட்டிப் பார்ப்போம். பிரவுசரை மாத்துவோம். நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் மாத்தினதில் திடீர்னு லாகின் வேலை செய்யும். கடைசியா எதை மாத்தினோமோ அதுதான் காரணம்னு முடிவு கட்டிட்டுத் தூங்கப் போயிடுவோம். அந்த முடிவு தப்பா இருந்தா எவ்வளவு நஷ்டம்னு எங்க ஹாஸ்டல்ல ஒருமுறை பார்த்தேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி, லாகின் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா பார்த்துடலாம்.

ஹெச்டிடிபி-க்கு ஞாபக சக்தி கிடையாது. நீங்க ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் கொடுக்கும், அதோடு உங்களை மறந்துவிடும். அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் அதற்கு நீங்க புது ஆள்தான். இந்த மறதியைச் சமாளிக்க 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுல்லி என்ற இன்ஜினியர் கொண்டுவந்ததுதான் குக்கி. பிஎச்பி-யை ராஸ்மஸ் லெர்டார்ஃப் எழுத ஆரம்பித்ததும் அதே 1994-ல்தான். ஆனால் பிஎச்பி-க்குள்ளேயே செஷன் வசதி வந்தது 2000-ல் வெளியான 4-ஆம் பதிப்பில்.

செஷன் என்பது கோயில் வாசலில் செருப்பு விடுற மாதிரி. செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவாங்க. அதில் எண் மட்டும்தான் இருக்கும், செருப்பு உள்ளே அலமாரியில் இருக்கும். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் எண்ணைப் பார்த்துச் செருப்பை எடுத்துத் தருவாங்க. உங்க முகத்தை யாரும் ஞாபகம் வெச்சுக்கிறதில்லை. பிஎச்பி-யிலும் இதேதான் நடக்குது. செஷன் ஸ்டார்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் சர்வர் ஒரு செஷன் ஐடி-யை உருவாக்கி, செட்-குக்கி என்ற ஹெடர் வழியா பிரவுசருக்கு அனுப்பும். அதுதான் டோக்கன். "இவர் லாகின் ஆனவர், ரோல் நம்பர் இது" போன்ற விவரமெல்லாம் சர்வரிலேயே ஒரு ஃபைலில் இருக்கும். அது அலமாரி.

இது புரிஞ்சுட்டா, "லாகின் நிக்க மாட்டேங்குது" என்ற புலம்பலை மூணு கேள்வியா உடைச்சுடலாம். சர்வர் டோக்கனைக் கொடுத்ததா? பிரவுசர் அடுத்த முறை அதைத் திருப்பிக் கொண்டுவந்ததா? அந்த எண்ணுக்கு உரிய ஃபைல் அலமாரியில் இருந்ததா? இந்த மூணுக்கும் ஊகம் தேவையில்லை. எஃப்-12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்தால் முதல் இரண்டுக்கும் பதில் கண்ணுக்கு முன்னாடியே இருக்கும்.

இப்போ அந்த ஹாஸ்டல் விஷயத்துக்கு வர்றேன். என் ரூம்மேட் எடுத்திருந்த ப்ராஜெக்ட் ஹாஸ்டல் அவுட்பாஸ் சிஸ்டம். மாணவன் ஊருக்குப் போக விண்ணப்பிச்சா வீட்டுக்கு ஒரு லிங்க் போகும். அப்பாவோ அம்மாவோ போனில் லாகின் பண்ணி அனுமதி கொடுக்கணும். பிறகுதான் வார்டனுக்குப் போகும். அவன் மொத்த சைட்டையும் தமிழில் செய்திருந்தான். காரணம் கேட்டப்போ, "எங்கம்மாவுக்கு அப்ரூவ்னு இருந்தா என்னன்னு தெரியாதுடா. 'அனுமதிக்கிறேன்'னு இருந்தா படிச்சுட்டு அழுத்துவாங்க" என்றான். அவன் ப்ராஜெக்ட்டோட உயிரே அந்தத் தமிழ்தான்.

அவன் லேப்டாப்பில், ஜாம்ப்பில், எல்லாம் ஒழுங்கா ஓடியது. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ஒரு ஹோஸ்டிங்கில் ஏத்தினான். அங்கே சரியான பாஸ்வேர்டு போட்டாலும் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்து ரூமில் இருந்து வந்த ஒருத்தன் பார்த்துட்டு, "ஃபைலுக்குள்ள தமிழ் போட்டிருக்கல்ல, அதான் சர்வர் ஒத்துக்கலை. இங்கிலீஷ்ல மாத்திடு" என்று சொல்லிட்டுப் போயிட்டான். இவனும் சோதனைக்காக, லேபிள்கள் இருந்த ஃபைலை முழுக்க இங்கிலீஷில் புதுசா டைப் பண்ணி ஏத்தினான். லாகின் வேலை செய்தது!

"மச்சான், தமிழை எடுத்தேன், சரியாயிடுச்சு. இனி மிச்ச பக்கத்தையும் மாத்திடப் போறேன்" என்று உட்கார்ந்தவன் முகத்தைப் பார்க்கணுமே. கூடவே, "தமிழ் மீடியத்துல படிச்சவனுக்குத் தமிழ்லயே ப்ராஜெக்ட் பண்ணணும்னு எதுக்கு ஆசை" என்று தன்னையே கேலி பண்ணிக்கிட்டான். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கலை. தமிழ் போட்ட பிஎச்பி சைட்டுகள் எத்தனையோ நல்லா ஓடிக்கிட்டிருக்கே! அதனால பழைய தமிழ் ஃபைலையே மறுபடி ஏத்தச் சொல்லி, மூணு கேள்வியிலிருந்து ஆரம்பிச்சோம்.

முதல் கேள்வியிலேயே சிக்கிடுச்சு. நெட்வொர்க் டேபில் லாகின் ரெஸ்பான்ஸைத் திறந்தால் செட்-குக்கி ஹெடரே இல்லை. அதாவது டோக்கனே கொடுக்கப்படலை. டேட்டாபேஸ், பாஸ்வேர்டு, பிரவுசர் எதுவும் குற்றவாளி இல்லைன்னு அந்த ஒரு பார்வையிலேயே தெரிஞ்சுபோச்சு.

சர்வர் ஏன் டோக்கன் தரலை? குக்கி போவது ஹெடரில். ஹெடர் எப்பவும் பக்கத்துக்கு முன்னாடி போகணும். பக்கத்தின் ஒரே ஒரு எழுத்து வெளியே போயிட்டாலும் அதுக்கப்புறம் ஹெடர் அனுப்ப முடியாது. பிஎச்பி-யில் ஹெடர்ஸ் சென்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கு. அவுட்புட் எந்த ஃபைலில், எந்த வரியில் ஆரம்பிச்சதுன்னு அது சொல்லிடும். செஷன் ஸ்டார்ட்டுக்கு முந்தின வரியில் அதைப் போட்டுப் பார்த்தோம். லேபிள் ஃபைல், முதல் வரி என்று வந்தது. அந்த வரியில் பிஎச்பி டேக் மட்டும்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ்கூட இல்லை.

ஃபைலை விஎஸ் கோடில் திறந்து, கீழே வலது மூலையைப் பார்த்தோம். "யுடிஎஃப்-8 வித் பிஓஎம்" என்று இருந்தது. விஷயம் அங்கேதான் இருந்தது. அந்த லேபிள் ஃபைலை அவன் லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டரில், நோட்பேடில் டைப் பண்ணியிருக்கான். பழைய நோட்பேட் சாதாரணமா ஏஎன்எஸ்ஐ என்ற முறையில் சேவ் பண்ணும். அதில் தமிழ் எழுத்து நிக்காது, கேள்விக்குறியா மாறிடும். அதனால யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து சேவ் பண்ணணும். அப்படிச் செய்தால் ஃபைலின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் என்ற 3 பைட்டை அது சேர்த்துவிடும். "இது யுனிகோட் ஃபைல்" என்பதற்கான அடையாளம் அது, திரையில் தெரியாது. யுடிஎஃப்-8-ல் 'அ' என்ற ஒரு எழுத்துக்கும் 3 பைட்தான். ஆக, ஒரு 'அ' அளவுக்கான கண்ணுக்குத் தெரியாத ஒன்று பிஎச்பி டேகுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தது. டேகுக்கு வெளியே எது இருந்தாலும் பிஎச்பி அதை அவுட்புட்டா அனுப்பிடும்.

அப்போ லேப்டாப்பில் எப்படி ஓடிச்சு? ஜாம்ப்பின் பிஎச்பி செட்டிங்கில் அவுட்புட் பஃபரிங் 4096 பைட் என்று இருந்தது. அவ்வளவு சேரும் வரை எதுவும் வெளியே போகாது. அதனால அந்த 3 பைட் உள்ளேயே காத்திருக்க, ஹெடர் முதலில் போயிடுச்சு. ஹோஸ்டிங்கில் பஃபரிங் இல்லை. எரர்களைத் திரையில் காட்டுவதும் அணைக்கப்பட்டிருந்தது. அதுவும் லைவ் சர்வரில் சரியான பழக்கம்தான், எரரை லாகில் தேடணும். லாகின் முடிஞ்சதும் அடுத்த பக்கத்துக்கு அனுப்புற வேலையை அவன் ஜாவாஸ்கிரிப்டில் செய்திருந்ததால், வெள்ளைப் பக்கம் வராம லாகின் பக்கமே சுத்திச் சுத்தி வந்தது.

நண்பனோட சோதனையில் எங்கே ஓட்டை தெரியுதா? இங்கிலீஷில் புது ஃபைல் போட்டப்போ இரண்டு விஷயம் ஒண்ணா மாறிடுச்சு. தமிழ் போச்சு, கூடவே அந்த 3 பைட்டும் போச்சு. பழி மட்டும் தமிழ் மேல விழுந்தது. மிச்சமிருந்த இரண்டு சோதனையையும் செய்தோம். தமிழை அப்படியே விட்டு, "சேவ் வித் என்கோடிங்" போய் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆக சேவ் பண்ணி ஏத்தினோம். லாகின் நின்றது. அடுத்து, சுத்தமான இங்கிலீஷ் ஃபைலை பிஓஎம்-ஓட சேவ் பண்ணி ஏத்தினோம். லாகின் விழுந்தது. அதுக்கு மேல யாரும் விவாதம் பண்ணத் தேவைப்படலை. சைட் தமிழிலேயே ரிவ்யூவுக்குப் போச்சு. மறுநாள் காலையில் அவன் அம்மா ஊரிலிருந்து 'அனுமதிக்கிறேன்' பட்டனை அழுத்தினாங்க.

உங்க லாகினில் வேறு காரணம் இருக்கலாம். ஆனால் வழி இதேதான். முதலில் லாகின் ஃபெயில் ஆகுதா, லாகின் ஆகியும் நிக்கலையான்னு பிரிச்சுக்கோங்க. இரண்டும் வேறு வேறு நோய். பாஸ்வேர்டு தப்புன்னு சொன்னால் செஷனைத் தொடாதீங்க, டேட்டாபேஸைப் பாருங்க. பாஸ்வேர்டு ஹேஷ் ஃபங்ஷன் பிக்ரிப்ட் முறையில் தரும் ஹேஷ் 60 எழுத்து. உங்க காலம் 50 எழுத்து அளவுன்னா, ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத மைஎஸ்கியூஎல் சத்தமில்லாம கடைசி 10 எழுத்தை வெட்டிடும். அப்புறம் எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது. அந்த காலத்துக்கு 255 கொடுத்துட்டா நிம்மதி.

செட்-குக்கி வந்தும் லாகின் நிக்கலைன்னா, அடுத்த ரிக்வெஸ்ட்டில் குக்கி திரும்பிப் போகுதான்னு பாருங்க. லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில் வாங்கின குக்கி 127.0.0.1 என்ற முகவரிக்குப் போகாது. கம்ப்யூட்டர் ஒண்ணுதான், ஆனால் பிரவுசருக்கு அது இரண்டு வேறு இடம். செக்யூர் என்று குறித்த குக்கி, ஹெச்டிடிபிஎஸ் இல்லாத சைட்டில் நிக்காது.

குக்கி போயும் சர்வர் தெரியாத மாதிரி நடிச்சா மூணாவது கேள்வி. அந்தப் பக்கத்தின் மேலே செஷன் ஸ்டார்ட் இருக்கா? ரொம்ப நேரம் சும்மா விட்டீங்களா? பிஎச்பி-யில் வழக்கமான அளவு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். அதுவரை தொடாத செஷனைக் குப்பைன்னு நினைச்சு சர்வர் அழிக்கலாம். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா லாகின் போயிடுச்சுன்னா, அதுக்குப் பேய் காரணம் இல்லை.

சரி, லாகின் நின்னுடுச்சு. ஒரு நிமிஷம் இதையும் பாருங்க. டோக்கன் யார் கையில் இருக்கோ செருப்பு அவங்களுக்குத்தான் போகும். அதனால லாகின் ஆனவுடன் செஷன் ரீஜெனரேட் ஐடி-யை 'ட்ரூ' கொடுத்துக் கூப்பிட்டு டோக்கனை மாத்துங்க, பழைய எண் ஏற்கனவே யார் கையிலாவது இருந்தாலும் பயன்படாது. லாக் அவுட் பட்டன் முதல் பக்கத்துக்கு அனுப்பினா மட்டும் போதாது. செஷன் மாறிகளைக் காலி செய்து, குக்கியை அழிச்சு, செஷனையும் அழிக்கணும். லேபில் ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேர் மாறி மாறி உட்கார்றோமே, அங்கேதான் இது முக்கியம். லாகின் ஆகாதவரை வேறு பக்கத்துக்கு ஹெடர் வழியா அனுப்புறீங்கன்னா, அடுத்த வரியில் எக்ஸிட் போடுங்க. இல்லைன்னா மிச்ச கோடும் ஓடி, ரகசியப் பக்கம் முழுசும் ரெஸ்பான்ஸில் போயிடும். பிரவுசர் அதைக் காட்டாது. ஆனால் கர்ல் கமாண்டில் கேட்கிறவருக்கு எல்லாம் தெரியும்.

அடுத்த தடவை உங்க லாகின் சண்டித்தனம் பண்ணினா, கோடைத் தொடுறதுக்கு முன்னாடி நெட்வொர்க் டேபைத் திறங்க. மாத்துறதா இருந்தா ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க. யாராவது வந்து "தமிழ் போட்டதாலதான்" என்று சொன்னால், பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8-ல் சேவ் பண்ணி, அவங்க கண் முன்னாடியே ஓட்டிக் காட்டுங்க.