உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர்?

விருது எண்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பொன்னாடை. அதற்கடுத்து முன்வரிசைக் கதிரை, பிந்தித் தொடங்கும் விழா, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு மேல் வாழ்த்துரை. விருது வாங்குபவர் அதைக் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் வெளியில் சொல்ல மாட்டார். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு வீட்டுக்கு விருது தரச்சொல்லி நாங்களே விண்ணப்பம் எழுதப்போகிறோம் என்றதும் விடுதியில் எல்லோரும் சிரித்தார்கள். "கேட்டு வாங்கிறதுக்குப் பேர் விருதே?" என்றான் ஒருவன்.

நியாயமான கேள்விதான். ஆனால் கட்டடங்களுக்கான விருதுகள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன. பிரித்தானியாவில் கட்டடக்கலைஞர்களின் றோயல் நிறுவனம் கொடுக்கும் விருதுக்குக் காசு கட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் பிராந்திய விருது, அதை வென்றவற்றிலிருந்து தேசிய விருது, பிறகு ஸ்டேர்லிங் பரிசு. எங்கட பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறுகிற மாதிரி. யாரோ ஒருவர் படிவம் நிரப்பாவிட்டால் எவ்வளவு நல்ல கட்டடமும் அந்தப் படியில் ஏறாது.

நாங்கள் நாலு பேர், கலைப்பீடம். இரண்டு பேர் வரலாறு, ஒருத்தி நுண்கலை, ஒருவன் புவியியல். கட்டடத்தைப்பற்றி எங்களுக்குத் தெரிந்தது அதற்குள் இருக்கலாம் என்பது மட்டும். எங்களில் ஒருத்தியின் பெரியம்மா வீடு வலிகாமத்தில் இருக்கிற பழைய நாற்சார் வீடு. அங்கே நடந்த ஒரு கலியாணத்துக்கு மொறட்டுவையில் கட்டடக்கலை படித்த ஓர் அண்ணா வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் இருக்காமல் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது, "யுனெஸ்கோவின்ர ஆசிய பசிபிக் விருதுக்கு இதைப் போடலாம், கீறுறதை நான் பாக்கிறன், எழுதுறதை நீங்கள் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே தொடங்கியது.

பண்பாட்டு மரபுரிமையைப் பாதுகாப்பதற்கான அந்த விருது 2000ஆம் ஆண்டிலிருந்து கொடுக்கப்படுகிறது. கட்டடம் ஐம்பது வருசத்துக்கு மேல் பழசாக இருக்கவேண்டும், திருத்த வேலை கடந்த பத்து வருசத்துக்குள் முடிந்திருக்க வேண்டும், முடிந்த பிறகு ஒரு வருசமாவது அதில் ஆட்கள் புழங்கியிருக்க வேண்டும். எக்ஸலன்ஸ், டிஸ்டிங்ஷன், மெரிட் என்று தரம் பிரித்துக் கொடுப்பார்கள், கம்பஸ் றிசல்ட்ஸ் மாதிரி. முதலாவது வருசம் மேலிடம் பெற்றது பினாங்கிலுள்ள சியோங் பாட் சே மாளிகை. தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 2017இல் மெரிட் கிடைத்திருக்கிறது.

பினாங்கின் பெயரைப் பார்த்ததும் பெரியப்பாவுக்குச் சந்தோசம். இந்த வீட்டைக் கட்டியதும் மலாயாக் காசுதான். பெரியம்மாவின் பாட்டனார் அங்கே றெயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு ஊருக்கு வந்து 1936இல் கட்டிய வீடு. யாழ்ப்பாணத்தில் இப்படி மலாயன் பென்சனியர் கட்டிய வீடுகள் எத்தனையோ உண்டு. நடுவில் முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, முற்றத்தைப் பார்த்துச் சரியும் ஓட்டுக்கூரை, மழைத்தண்ணி வழிந்தோடப் பீலி. சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். கூரைச் சிலாகை வைரம் பாய்ந்த பனை. தெருவில் சங்கடப்படலையும் இருந்ததாம், இப்போது அதன் கப்பு மட்டும்தான் மிச்சம்.

எண்பதுகளின் கடைசியில் மேற்குப்பக்கக் கூரையில் செல் விழுந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது இவர்களும் நடந்தார்கள். திரும்பி வந்து பார்க்க, கதவு நிலைகளில் பாதியைக் காணோம். உடைந்த பக்கத்துக்குத் தகரம் போட்டு இருபது வருசம் இருந்தார்கள். 2017இல் தொடங்கி 2019இல் திருத்தி முடித்தார்கள். இதுதான் நாங்கள் எழுதவேண்டிய கதை. ஆங்கிலத்தில்.

படிவம் நீளம். ஆனால் எங்களை மறித்தது நீளமில்லை, கேட்ட கேள்விகள்.

முதலாவது, திருத்த முன்னர் எடுத்த படங்கள். யாரிடம் இருக்கும்? இடம்பெயரும்போது உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், நகை என்று எடுத்துக்கொண்டு ஓடியவர்களிடம் போய் "உங்கள் கூரையின் பழைய படம் இருக்கா?" என்று கேட்க முடியுமா? ஆனால் கேட்டோம். அதிசயம், சனம் அல்பத்தையும் காவிக்கொண்டுதான் போயிருக்கிறது! கனடாவிலிருந்து ஒரு மாமி 1984 சாமத்தியவீட்டுப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லாப் படத்திலும் நடுவில் பிள்ளை, பக்கத்தில் மாமிமார், பலகாரத் தட்டுகள். நாங்கள் அவர்கள் எல்லோரையும் விலத்தி, தோளுக்கு மேலால் தெரியும் தூணின் தலைப்பையும் விறாந்தைச் சுவரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரான்சிலிருந்து ஒரு கலியாண வீடியோ வந்தது. அதில் கமராக்காரர் ஏனோ ஒரு தரம் முகட்டைக் காட்டுகிறார். ஐந்து செக்கனும் வராது. அவர் எங்கிருந்தாலும் நல்லாயிருக்க வேணும். செல் விழ முன்னர் மேற்குப்பக்கக் கூரை எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே சான்று அதுதான்.

இரண்டாவது, வரைபடங்கள். இருக்கவில்லை. ஒரு சனியும் ஞாயிறும் அளவுநாடாவோடு திரிந்தோம். நாலு மூலையும் நேர்மூலை என்று நினைத்து அளந்தால் ஒன்றும் நேர்மூலை இல்லை. அண்ணா கொழும்பிலிருந்து போனில் ஏச, திரும்பக் குறுக்குக்கும் பிடித்து அளந்தோம்.

மூன்றாவது, கட்டடக்கலைஞரின் பெயர். இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. இந்தத் திருத்தத்துக்குக் கட்டடக்கலைஞர் யாரும் கிடையாது. செய்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு மேசன் ஐயா. முதலில் பார்க்க வந்த ஒப்பந்தகாரர் ஒருவர் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சீமெந்து பூசவும், முற்றத்தை மூடி பிளேட் போடவும் கணக்குக் கொடுத்தாராம். மேசன் ஐயாதான் வேண்டாம் என்றிருக்கிறார். முருகைக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளுக்கே நிற்கும், உப்புப் பூத்து இரண்டு மாரிக்குள் பூச்சு கழன்று விழும். "சுவருக்கும் மூச்சு விட வேணும் பிள்ளையள், சீமெந்து பூசினா மூக்கைப் பொத்தின மாதிரி" என்றார் எங்களுக்கு. வளவுக்குள் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பைக் கிழமைக்கணக்கில் ஊறப்போட்டிருக்கிறார். பனங்கட்டித் தண்ணி சேர்த்திருக்கிறார். பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும் என்பதால், இடித்த வீடுகளில் கிடந்த பழைய சிலாகைகளைத் தேடி வாங்கியிருக்கிறார். ஓடும் அப்படித்தான்.

இவரைப் படிவத்தில் எங்கே போடுவது? கட்டுநர் என்று இன்னொரு இடம் இருந்தது. அதில் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விடலாம் என்றது ஒரு கட்சி. முடிவெடுத்தவர்தானே கட்டடக்கலைஞர், அங்கேயே போடவேண்டும் என்றது மறு கட்சி. ஐயாவிடமே கேட்டோம். "என்ரை பேரைப் போடாதேங்கோ. நான் படிச்சனானே? பிறகு அவங்கள் பேரைப் பாத்திட்டு விருதைத் தராமல் விட்டிடுவாங்கள்" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்று இருந்தது. ஆகா கான் கட்டடக்கலை விருது என்று ஒன்று உண்டு, 1977இல் நிறுவப்பட்டது, மூன்று வருசத்துக்கு ஒரு தரம் கொடுப்பது, பரிசுத்தொகை மொத்தம் பத்து இலட்சம் டொலர். எங்கட ஜெப்ரி பாவாவுக்கும் 2001இல் அதன் தலைவர் விருது கிடைத்தது. அந்த விருது 1983இல் மாலி நாட்டின் நியோனோ பெரிய பள்ளிவாசலுக்குப் போனது. மண்ணால் கட்டிய பள்ளிவாசல். அதைக் கட்டியவர் லசினே மின்டா, ஒரு மேசன். பரிசையும் அங்கே கட்டடக்கலைஞரோடு கட்டுநர், கைவினைஞர், கட்டுவித்தவர் என்று பிரித்துக் கொடுப்பார்கள். கடைசிப் பட்டியலுக்கு வந்த கட்டடங்களை ஆள் அனுப்பி நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். சுனாமிக்குப் பிறகு கிரிந்தையில் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகேரு பான் மண்கல்லும் றப்பர் மரமும் கொண்டு கட்டிய வீடுகளும் 2013இல் அதன் குறும்பட்டியலுக்கு வந்தவை.

நியோனோவின் படத்தை மேசன் ஐயாவுக்குக் காட்டினோம். கனநேரம் பார்த்தார். போனை வாங்கி விரலால் பெருப்பித்துப் பார்த்தார். "மழைக்கு என்ன செய்வினம்?" என்று கேட்டார். வருசாவருசம் திரும்பப் பூசத்தான் வேணும் என்றோம். "அப்ப வேலை இருக்கும்" என்றார். பெயரைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கட்டடக்கலைஞர் என்ற இடத்திலேயே போட்டோம்.

நாலாவது உரிமையாளரின் சம்மதக் கையொப்பம். இதை ஒரு கேள்வியாகவே நாங்கள் நினைக்கவில்லை. நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது பெரியப்பா. எந்த வருசம் எது நடந்தது, யார் வந்தார், யார் ஏமாற்றினார் என்று மூன்று பின்னேரம் கதைத்தார். பெரியம்மா தேத்தண்ணி தந்தார், வடை தந்தார், போனார். கையொப்பத்துக்கு உறுதியைக் காட்டச் சொன்னபோதுதான் பெட்டி திறந்தது. அது சீதன உறுதி. வீடு பெரியம்மாவின் பெயரில். அதற்கு முதல் அவருடைய அம்மாவின் பெயரில். கட்டிய பாட்டனாருக்குப் பிறகு அந்த வீடு ஒரு ஆணின் பெயரில் இருந்ததே கிடையாது. ஊர் முழுக்கப் பெரியப்பாவின் பெயரைச் சொல்லித்தான் "இன்னாற்றை வீடு" என்கிறது!

இது யாழ்ப்பாணத்தில் புதினமில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், வீட்டின் பெயர் ஆணுடையதாக இருக்கும். தேசவழமைப்படி அவர் தன் சொந்த வீட்டை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இதை நாங்கள் விரிவுரையில் குறிப்பெடுத்து, சோதினையில் எழுதி, புள்ளியும் வாங்கியிருக்கிறோம். ஒரு படிவத்தின் சின்னக் கோட்டுக்கு மேல் அவர் பேனையை வைத்துக்கொண்டு, "நான்தானோ வைக்க வேணும்?" என்று கேட்டபோது வந்த மாதிரி அது ஒருநாளும் வகுப்பில் வரவில்லை.

கையொப்பம் வைத்த பிறகுதான் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். மூன்று வருசக் கணக்கு. மேசனுக்கு 2,000, கையாளுக்கு 1,200, சுண்ணாம்பு இத்தனை மூட்டை, ஓடு இத்தனை, மழை, வேலை இல்லை. இடையிடையே, "பிளேட் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்", "குசினிப் புகைபோக்கியைப் பழையபடி வைக்கச் சொன்னேன்". ஒப்பந்தகாரரைத் திருப்பி அனுப்பியதில் மேசன் ஐயாவுக்குப் பின்னால் நின்றது அவர். முற்றத்தை ஏன் மூடவிடவில்லை என்று கேட்டோம். மரபுரிமை என்று ஏதாவது சொல்வார், அப்படியே மொழிபெயர்க்கலாம் என்று பேனையோடு இருந்தோம். "மிளகாய் எங்க காய விடுறது?" என்றார்.

அதை அப்படியே எழுதினோம். அண்ணா வெட்டச் சொன்னார், நாங்கள் வெட்டவில்லை.

செலவு என்ற இடம் வீட்டுக்குள் புயலைக் கிளப்பியது. கனடாச் சகோதரங்கள் அனுப்பிய காசு எவ்வளவு, அது அன்பளிப்பா கடனா, வீட்டை வித்துப் பங்கு பிரிப்பதா என்று பல வருசமாக அடங்கிக் கிடந்த கதை எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் எழும்பி வந்தது. ஒரு கிழமை வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் கதைக்கவில்லை. கடைசியில் பெரியம்மா கொப்பியைப் பார்த்துத் தானே ஒரு தொகையைச் சொன்னார். அதை எழுதினோம். அதைப்பற்றி இதற்குமேல் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.

2024 முடிவுகளில் எங்கள் வீட்டின் பெயர் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கு டிஸ்டிங்ஷன் கிடைத்திருந்தது. வாசித்துச் சந்தோசப்பட்டோம், கொஞ்சம் வயிறெரிந்தோம். இந்த விருதுகளில் எங்களுக்குக் குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலமும், நல்ல கமராவும், கீறத் தெரிந்த ஓர் அண்ணாவும் இல்லாத வீடு வாசலுக்கே போகாது. அதோடு திருத்த முதலே படம் எடுத்து வைப்பது, ஒருநாள் யாரோ கேட்பார்கள் என்று நம்பக்கூடியவர்களின் பழக்கம். எங்கட சனத்துக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

நாங்கள் கீறுவித்த வரைபடத்தை வைத்துப் பெரியப்பா வீட்டுக்குப் புது வயறிங் செய்துவிட்டார். மேசன் ஐயா தன் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் ஒரு கொப்பி கேட்டார், லாமினேற் பண்ணிக் கொடுத்தோம். வீடு விற்பனைக்கா இல்லையா என்ற கதை இன்னும் முடியவில்லை. கனடாவிலிருந்து ஓகஸ்ட்டில் ஆட்கள் வருகினமாம்.

பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு நாற்சார் வீட்டில் ஓடு இறக்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை போய், அளவுநாடாவும் கொண்டுபோய், முகடு, பீலி, தூண், நிலை என்று நூற்றுக்கு மேல் படம் எடுத்தோம். அந்த வீட்டு அக்கா ஏனென்று கேட்டா. "சும்மாதான் அக்கா" என்றோம். பிறகு, வீடு யாருடைய பெயரில் என்று கேட்டோம்.